தண்ணீர் நிற்கும் வயலில் பயிர் ஏன் வாடுகிறது?

கேள்வி: மூன்று மா நிலத்துச் சம்பா நெல்லில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. கணுக்கால் அளவு தண்ணீர் நின்றும் பயிர் வாடுகிறது, இலை நுனி கருகுகிறது. யூரியா போட்டால் தேறுமா? பக்கத்து வயலில் குழியடிச்சான் ரக நெல் மட்டும் எப்படி நிற்கிறது?
– ஒரு வாசகி, வேதாரண்யம் வட்டம்

பதில்: அம்மா, யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். உங்கள் பயிருக்குச் சத்துக் குறைவு இல்லை; காலடியில் நிற்கும் தண்ணீரை அதனால் குடிக்க முடியவில்லை. யூரியாவும் கரைந்து அந்தத் தண்ணீரை இன்னும் அடர்த்தியாக்கும்.

மாவடு போட்டிருப்பீர்கள். சொட்டுத் தண்ணீர் விடாமல் கல்லுப்பில் குலுக்கி வைத்தாலும் நாலு நாளில் ஜாடியில் தண்ணீர் ஊறி, வடு சுருங்கிவிடும். அந்தத் தண்ணீர் வடுவின் செல்களுக்குள் இருந்தது. இதுதான் சவ்வூடு பரவல். ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான ஒரு சவ்வு மூடியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுகூடத் தடிமன் இருக்காது. உப்பு அதை எளிதில் கடக்காது. தண்ணீர் கடக்கும், உப்பு மிகுந்த பக்கம் பார்த்து. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வேரின் சாறு அவ்வளவு அடர்த்தி இல்லை, அதனால் உறிஞ்ச வேண்டிய வேர் உள்ளதையும் இழக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பொங்கல் சமயத்தில் நாகைப் பக்கம் போயிருந்தேன். வரப்புவரை தண்ணீர், அதில் வைக்கோல் நிறத்தில் கதிர். முப்பது வருஷம் தாவரவியல் பாடம் நடத்தியவன், அங்கே பேச்சு வராமல் நின்றேன்.

கொழுப்புக்குள் தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாக நுழைகிறது? மழைக்குட்டையில் தவளை முட்டைகள் ஊதி வெடிக்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் சவ்வு தண்ணீரை அவ்வளவாக விடாது. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேயின் குழு, ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தவளை முட்டைச் செல்லே தயாரிக்கும்படி செய்து, உப்புக் குறைந்த நீரில் போட்டது. சில நிமிஷத்தில் வெடித்தது! 1992-இல் வெளியான ஆய்வு. 2003-இல் நோபல் பரிசு. அந்தப் புரதம்தான் அக்வாபோரின், தண்ணீருக்கென்றே உள்ள மதகு. நெல் வேரிலும் உண்டு.

சரி, குழியடிச்சான். எந்தச் சவ்வும் உப்பில் உள்ள சோடியத்தை முழுசாகத் தடுக்காது. கசிந்து வந்ததைச் செல் வெளியேற்றியாக வேண்டும். வடியாத வயலில் ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறோமே, அப்படி. டீசலுக்குப் பதில், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. அதைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். அது திரும்ப உள்ளே வரும் விசையில் சோடியம் வெளியேறும். உப்பைத் தாங்கும் சில நெல் ரகங்கள், மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை வேரிலேயே இழுத்து நிறுத்தி, இலையைக் காக்கின்றன. தாங்கும் ரகத்திலும் இறைப்புச் செலவு உண்டு, அதனால் விளைச்சல் கொஞ்சம் குறையலாம். பயிர் பிழைப்பது பெரிது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: நிற்கும் தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள். மழைத்தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ கிடைத்தால் கட்டி, மறுபடி வடியுங்கள். உப்பேறிய மண்ணைத் திருத்தப் போடும் ஜிப்சம், மண் பரிசோதனைக்குப் பிறகுதான். அடுத்த போகத்துக்கு நாற்றங்காலை மேட்டில், நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் விடுங்கள். இளநாற்று உப்பைத் தாங்காது.