காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு நியூமோகாக்கஸ் கிருமியால் மூளையுறை அழற்சி என்று கோவையில் சேர்த்திருக்கிறோம். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் இரண்டு வாரம் வரை ஊசி வேண்டும் என்கிறார்கள். மஞ்சள் அறுவடை நேரம். மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். இரத்தத்திலிருந்து மூளைக்குக் கண்ட பொருளும் நுழையாதபடி காக்கும் தடுப்பு, அழற்சி மிகுந்திருக்கும்போது தளர்ந்து மருந்தை உள்ளே விடுகிறது. அழற்சி தணியத் தணிய அது மீண்டும் இறுகுவதால், நோயாளி தெளிந்து பேசும் நாள்களில்தான் மருந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தண்டுவட நீருக்குள் செல்வது கடினமாகிறது. ஆகவேதான் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பெரியவர்களுக்கு வழக்கமாக 12 மணி நேரத்துக்கு 2 கிராம் என்ற உயர்ந்த அளவில், இறுதிவரை இரத்தக்குழாய் (சிரை) வழியாகவே செலுத்துகிறார்கள். மாத்திரையால் அந்த அளவை எட்ட முடியாது. நியூமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள் என்பது பொதுவான நடைமுறை. இதே நோயைத் தரும் வேறு கிருமிகளில், மெனிங்கோகாக்கஸுக்கு 7 நாள் பெரும்பாலும் போதும், லிஸ்டீரியாவுக்கோ 21 நாளாவது வேண்டும். அறுவடைக்கு ஆள் பிடித்துக்கொள்ளலாம். இந்நோய் செவித்திறனைப் பாதிக்கக்கூடியது என்பதால், வீடு திரும்புமுன் கேள்திறன் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.