லீஸ்டு லைன் (அலுவலகத்துக்கென்றே வாடகைக்கு எடுக்கும் தனி இணைய இணைப்பு) பில்: கேட்டதும் சொன்னதும்

திருப்பூர்: அண்ணா, 20 எம்பிபிஎஸ் கமிட் (எப்படியும் பணம் கட்டும் வேகம்), 100 எம்பிபிஎஸ் போர்ட் (லைன் தாங்கும் உச்ச வேகம்). ராத்திரி பேக்கப் மட்டும்தான் வேகமாகப் போகும். பில் 90 எம்பிபிஎஸ்ஸுக்கு வந்திருக்குதுங்க. ஏமாத்தறாங்களா?

பதில்: பேக்கப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை எழுதவில்லையே, விஷயமே அதில்தான். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, லைனில் போன டேட்டாவை எண்ணும் கவுண்டரைப் படித்து, அந்த இடைவெளியின் சராசரி வேகத்தைக் குறிப்பார்கள். 30 நாளில் 8,640 அளவுகள். பெரியதில் தொடங்கி அடுக்கி, உச்சியில் 5 சதவீதத்தை, அதாவது 432ஐத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்குப் பில். 432 என்பது 36 மணி நேரம். தினப்படி 72 நிமிடம். பேக்கப் ஒரு மணியில் முடிந்தால் பில்லில் தெரியவே தெரியாது. ஒன்றரை மணி என்றால் மாதம் 45 மணி, அந்த 90 அப்படியே ஏறும். கமிட்டுக்கு மேலான 70க்கு பர்ஸ்ட் ரேட், அதாவது கமிட்டைத் தாண்டியதற்கான தனிக் கட்டணம். ரூட்டரில் பேக்கப்பை, கமிட்டுக்குள் நிற்கும்படி, 18 எம்பிபிஎஸ்ஸில் கட்டிப்போடுங்கள். ஒன்றரை மணி பேக்கப் ஏழரை மணி நேரம் ஓடும், ஓடட்டும். எதற்கும் 5 நிமிட அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

கரூர்: அப்லோடு, டவுன்லோடு இரண்டையும் கூட்டுவார்களா?

பதில்: பெரும்பாலும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரியதற்குப் போடுவார்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கோபி: வீட்டு ஃபைபர் சாயங்காலம் மெதுவாகிறது.

பதில்: இங்கே லீஸ்டு லைன் மட்டும்.

பீளமேடு: எம்ஆர்டிஜி (லைன் வேகத்தை வரைந்து காட்டும் மென்பொருள்) மாத கிராஃபில் உச்சமே 40. பில் 75?

பதில்: மாத கிராஃபில் ஒரு புள்ளி 2 மணி நேரச் சராசரி. முகடுகள் மழுங்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், 5 நிமிட அளவுகளை வாங்குங்கள்.

ஈரோடு: எங்களுக்கும் பேக்கப்தான் பிரச்சினைங்க...

பதில்: திருப்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொள்ளாச்சி: ஜேசிபி ஃபைபரை அறுத்து 2 நாள் லைன் இல்லை. அந்த நேரம் கணக்கில் வருமா?

பதில்: நல்ல கேள்வி. பூஜ்யமாகச் சேர்த்தால் உங்களுக்கு லாபம். உச்சியில் தள்ளிவிடும் 432 அளவுகள் அப்படியே இருக்கும். 'அளவே இல்லை' என்று விட்டுவிட்டால் மொத்தம் 8,064, தள்ளிவிடுவது 403. பில்லில் சேராத நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி போச்சு.

பீளமேடு: ஓடாத லைனுக்கு எப்படிங்க பூஜ்யம் போடுவது? அளக்கவே இல்லையே.

பொள்ளாச்சி: வாடகை மட்டும் முழு மாசத்துக்கு வாங்கலாமா?

பதில்: நான் பொள்ளாச்சிக்காரர் பக்கம். அறுந்தது அவர்கள் ஃபைபர், தள்ளிவிடும் அளவுகள் குறைவது நமக்கா? பூஜ்யமா, விடுபட்டதா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நாமக்கல்: 5 நிமிட அளவு என்றால் என்னங்க?

பதில்: முதல் பதில்.