ராணுவப் பச்சைக்கு மயங்காதீர்கள்

கேள்வி (தேவகோட்டை): ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா (ராணுவம் ஓட்டிய ஜீப் மாதிரி வண்டி) என்று தரகர் காட்டினார். 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஆறு மாதமாக ஆர்சி புக் 'அடுத்த வாரம்' வருகிறது.

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஐயா. அந்த வண்டியைப் பார்த்தால் யாருக்கும் கை பர்ஸுக்குத்தான் போகும். ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு ராணுவம் கொடுத்த விற்பனைத் தாள் இருந்தால்தான் ஆர்டிஓ சிவில் நம்பர் தருவார். அதிலுள்ள சேஸிஸ் நம்பர் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். தாளைக் காட்டு, இல்லையேல் பணத்தைக் கொடு என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். மசியவில்லையா? நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி (பள்ளத்தூர்): ஜோங்கா வாங்கிவிட்டேன். மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மிச்சத்தை பங்க்கில் சொல்வார்கள்.

கேள்வி (காரைக்குடி): மாப்பிள்ளை அழைப்புக்காக எங்கள் ஜீப்புக்கு ராணுவப் பச்சை அடித்தோம். போலீஸ் மடக்கிவிட்டது. என் வண்டிக்கு என் இஷ்டப்படி பெயின்ட் அடிக்கக் கூடாதா?

பதில்: கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 121: ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். பட்டறைக்காரர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 1941 முதல் ராணுவத்துக்கு ஜீப் செய்துகொடுத்த வில்லிஸ் கம்பெனியே, 1945-ல் விவசாயிகளுக்கு விற்க வந்தபோது 'அறுவடைப் பழுப்பு', 'மேய்ச்சல் பச்சை' என்று நிறத்தை மாற்றிக்கொண்டது. சண்டை முடிந்தது, வயலுக்குப் போ என்று அர்த்தம். நம் ஆட்களோ எண்பது வருடம் கழித்து அதற்குத் திரும்பவும் சீருடை மாட்டுகிறார்கள்!

எனக்கும் இந்தப் பித்து இருந்தது. 'இரண்டாம் உலகப் போர் ஜெர்ரிகேன்' என்று ஒரு தகரப் பெட்ரோல் கேனுக்கு 3,500 ரூபாய் அழுதேன். வீட்டில் சாவியால் சுரண்டினால் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் பளபளவென்று புதுத் தகரம். '1943' மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது. இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் ஐயா வாங்கிய 1950-களின் ஜீப் கொட்டகையில் நிற்கிறது. இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள்.

பதில்: கொடுத்துவிடாதீர்கள், ஆச்சி! 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். 'விஏ' எழுத்துள்ள தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டமும் வாடகையும் கூடாது, அவ்வளவுதான். சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். இரும்புக்காரர் மறுபடி வந்தால் கொட்டகை பூட்டியே இருக்கட்டும்.