பட்டம் கல்லூரி தரும், லைசென்ஸ் யார் தருவார்? பைலட் படிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியல், கணிதம் இரண்டும் உண்டு. பைலட் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, பி.எஸ்சி. ஏவியேஷன் மூன்று வருடத்தில் ‘பட்டத்தோடு பைலட் லைசென்ஸும்’ என்று நோட்டீஸ் அடித்திருக்கிறது. கல்லூரிக் கட்டணம் வருடம் ஒன்றரை லட்சம், பறக்கும் பயிற்சிக்குத் தனியாக 55 லட்சம். நம்பிச் சேர்க்கலாமா?
(ஒரு தந்தை, மதுரை)

பதில்: நோட்டீஸில் இரண்டையும் ஒரே வரியில் போட்டிருப்பதுதான் சிக்கல். பட்டம் தருவது பல்கலைக்கழகம். லைசென்ஸ் தருவது டில்லியில் இருக்கும் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சிபிஎல் என்று சொல்லப்படும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கப் பட்டமே வேண்டாம். 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம், கட்டுப்பாட்டு அறையோடு ரேடியோவில் பேசுவதற்கான ரேடியோ டெலிபோனி சான்று, 200 மணி நேரப் பறத்தல், கடைசியில் விமானத்திலேயே திறன் தேர்வு. இந்த வரிசையில் பி.எஸ்சி. எங்கும் வரவில்லை, பார்த்தீர்களா?

அதற்காகப் பட்டம் வீண் என்று சொல்லவில்லை. நாளைக்கு ஒரு மருத்துவக் காரணத்தால் பறக்க முடியாமல் போனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் விமானத் தொழில் சுருங்கும்போது ஏவியேஷன் பட்டத்தின் மதிப்பும் கூடவே சுருங்கும். என்னைக் கேட்டால், பறக்கும் பயிற்சியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் பி.காம். அல்லது கணிதம் படிப்பதே புத்திசாலித்தனம். செலவும் குறைவு, வேறு கதவும் திறந்திருக்கும்.

சரி, பெரிய தொகைக்கு வருவோம். அந்த 55 லட்சம் யாருக்குப் போகிறது? பெரும்பாலான கல்லூரிகளிடம் சொந்த விமானம் கிடையாது. வேறொரு ஃபிளையிங் ஸ்கூலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பிள்ளைகளை அங்கே அனுப்பிவைப்பார்கள். அது மகாராஷ்டிரத்தில் பாராமதியாகவோ கோந்தியாவாகவோ இருக்கலாம். அந்த ஸ்கூலின் பெயரைக் கேளுங்கள், ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இருக்கிறதா, அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்று நீங்களே பாருங்கள். பெயரைச் சொல்லத் தயங்குகிற கல்லூரியோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதல்முறையாகப் பயிற்சி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. மேல் பிரிவுகளில் ஒரு நிறுவனம்கூட வரவில்லை. எல்லாமே பி, சி பிரிவுகளில்தான். ‘இந்தியாவின் நம்பர் ஒன்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஸ்கூலில் பறக்கும் நிலையில் 10 விமானங்கள், 120 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 200 மணி என்றால் மொத்தம் 24,000 மணி. ஒரு விமானம் மாதம் 70 மணி பறந்தால், பத்தும் சேர்ந்து 700 மணி. 24,000ஐ 700ஆல் வகுத்தால் 34 மாதம் வருகிறது. மழைக்காலம், பராமரிப்பு, பயிற்றுநர் விலகிப்போவது இதையெல்லாம் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ‘ஒன்றரை வருடத்தில் முடித்துவிடுவோம்’ என்கிறவர்களிடம் இந்த மூன்று எண்களைக் கேட்டு வாங்கி நீங்களே வகுத்துப் பாருங்கள். மொத்த விமானங்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். ஹேங்கரில் எஞ்சினைக் கழற்றிப் போட்டு நிற்பதையும் சேர்த்து எண்ணிச் சொல்வார்கள். இன்றைக்குப் பறக்கிற விமானம் எத்தனை, போன மாதம் மொத்தம் எத்தனை மணி பறந்தன என்று கேளுங்கள். பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பதும் அதே அளவு முக்கியம். விமானம் சும்மா நிற்க, கூடப் பறக்க ஆள் இல்லாமல் பிள்ளைகள் ஹாஸ்டலில் உட்கார்ந்திருப்பது நம் நாட்டில் சர்வ சாதாரணம்.

முடிந்தால் சேர்வதற்கு முன் மகளோடு ஒருமுறை அந்த விமானத்தளத்துக்கே போய்விடுங்கள். அலுவலகத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், ஹாஸ்டலில் கடைசிக் கட்டத்தில் இருக்கிற மாணவர்களைப் பிடியுங்கள். எந்த மாதம் சேர்ந்தாய், இதுவரை எத்தனை மணி பறந்திருக்கிறாய் என்ற இரண்டு கேள்வி போதும்.

200 மணி என்பதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. அதில் 100 மணியாவது அவளே பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 20 மணி ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி, அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல். இரவுப் பறத்தல் 5 மணி. இதற்கு மேல் வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும், இரண்டு எஞ்சின் விமானத்துக்கான மல்டி எஞ்சின் ரேட்டிங்கும் இல்லாமல் ஏர்லைன் வாசலில் நிற்க முடியாது. 55 லட்சத்தில் இந்த இரண்டும் அடக்கமா? திறன் தேர்வுக்கான விமானச் செலவு, தரையிறங்கும் கட்டணம், ஹாஸ்டல், 200 மணியைத் தாண்டிப் பறக்க நேர்ந்தால் மணிக்கு எவ்வளவு? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறக்கும் பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024இல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்து, சுற்றறிக்கையும் வந்துவிட்டது. 55 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட பத்து லட்சம்.

பணத்தை ஒரே தடவையில் கட்டவே கட்டாதீர்கள். ‘மொத்தமாகக் கட்டினால் மூன்று லட்சம் தள்ளுபடி’ என்பார்கள். அந்த மூன்று லட்சம் போனால் போகட்டும். பறந்த மணிக்கேற்ப ஐந்தாறு தவணையாகக் கட்டுவதாக ஒப்பந்தம் போடுங்கள். காசோலை டிஜிசிஏ பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பெயருக்குத்தான் இருக்க வேண்டும். அறக்கட்டளை, கன்சல்டன்சி, தாளாளரின் மைத்துனர் யார் பெயருக்கும் வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டபிறகு கல்லூரி திருப்தியாகப் பதில் சொன்னால் சேருங்கள். சொல்லாவிட்டால், இடையில் கல்லூரியே இல்லாமல் நேரடியாக ஃபிளையிங் ஸ்கூலில் சேர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். பக்கத்தில் வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமி. அரசு என்பதாலேயே வேகமாக முடியும் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன வகுத்தல் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: மகனுக்குக் கண்ணாடி உண்டு, மைனஸ் இரண்டு. மருத்துவத்தில் தேறுவானா? கல்லூரியில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.
(ஒரு தாய், ஈரோடு)

பதில்: சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவருக்கு உங்கள் முன்பணம் மட்டும்தான் கண்ணில் தெரிகிறது. முதலில் மருத்துவம், பிறகு கட்டணம். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன்பின் முதல் வகுப்பு. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் முதல் வகுப்புப் பரிசோதனை செய்யும் இடங்களில் ஒன்று. இரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு பணம் கட்டாதீர்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு வேண்டியது முதல் வகுப்புதான்.

கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகிறதென்றால் மைனஸ் இரண்டு ஒரு பிரச்சினையே இல்லை. நிறக்குருடு இருந்தால்தான் பெரும்பாலும் கதவு அடைபடும். அந்தப் பரிசோதனையை உள்ளூர்க் கண் மருத்துவரிடம் நாளைக்கே செய்துவிடலாம்.

கேள்வி: என் அக்கா டல்லாஸில் இருக்கிறார். அவர் மகன் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஏவியேஷன் படிக்கிறான், பட்டம் இருந்தால் ஆயிரம் மணியிலேயே ஏர்லைனில் சேரலாமாம். என் மகனையும் அனுப்பச் சொல்கிறார். வீட்டை அடமானம் வைத்தால் முடியும். அனுப்பட்டுமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் அக்கா சொல்வது உண்மை, ஆனால் அது அவர் மகனுக்கான உண்மை. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே ஏர்லைனில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி வேண்டும். இதில்தான் கல்லூரிக்குச் சலுகை: அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் ஏவியேஷன் பாடங்களோடு நான்கு வருடப் பட்டமும், அங்கேயே பறக்கும் பயிற்சியும் முடித்தால் 1,000 மணி போதும். இரண்டு வருட அசோசியேட் பட்டம் என்றால் 1,250. எம்ப்ரி-ரிடில், நார்த் டகோட்டா, பர்டியூ மாதிரிப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் குவிவதற்கு இது ஒரு பெரிய காரணம். 500 மணி குறைந்தால் பணிமூப்பு அவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது. அமெரிக்க ஏர்லைன்களில் சம்பளம், ஊர், விடுமுறை எல்லாமே பணிமூப்பைப் பொறுத்தவை.

ஆனால் லைசென்ஸ் கிடைக்கும் 200, 250 மணியிலிருந்து அந்த ஆயிரத்துக்கு எப்படிப் போவது? பெரும்பாலானோர் பயிற்றுநராக வேலை பார்த்துத்தான் மணி சேர்க்கிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிற பிள்ளைக்கு அது சுலபம். மாணவர் விசாவில் போகிற உங்கள் மகனுக்குப் படிப்பு முடிந்து பொதுவாகக் கிடைப்பது ஒரு வருட வேலை அனுமதி. அதற்குள் மணி சேர்த்தாலும், அங்கத்திய ஏர்லைன்கள் நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவரைத்தான் பொதுவாக எடுக்கின்றன. திரும்பி இந்தியாவுக்கு வந்தால் இங்கே 1,000, 1,500 என்ற விதியே கிடையாது; 200 மணி சிபிஎல்லும், குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கும் இருப்பவர் துணை விமானியாகச் சேர்ந்துவிடுகிறார். ஆக, நீங்கள் வீட்டை அடமானம் வைத்து வாங்கப்போகும் சலுகை உங்கள் மகனுக்குப் பயன்படாத சலுகை. நான்கு வருடக் கட்டணம், பறத்தல், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் இரண்டு கோடியைச் சுலபமாகத் தாண்டும்.

பட்டம் வேண்டாம், அங்கே பறந்து மட்டும் வருகிறேன் என்றால் அது வேறு கணக்கு. வானிலையும் விமான எண்ணிக்கையும் அங்கே சாதகம், சீக்கிரம் முடியும். ஆனால் திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வு எழுதி லைசென்ஸை மாற்ற வேண்டும். இரண்டு இடத்தில் கால் இடறும். அங்கே சில பயிற்சித் திட்டங்களில் 190 மணியிலேயே கமர்ஷியல் லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். இங்கே 200 வேண்டும். அதேபோல், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது பறந்த நேரத்தையும் சில சமயம் பைலட்-இன்-கமாண்ட் என்று பதிவுப் புத்தகத்தில் எழுத அவர்கள் விதி இடம் கொடுக்கும். இங்கே அந்த 100 மணிக் கணக்கில் அது நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தனியாகப் பறந்ததாகவே 100 மணி இருக்கட்டும்.

கேள்வி: 30 லட்சம் கட்டி 14 மாதம் ஆகிறது. மகன் பறந்தது 42 மணி. கேட்டால் விமானம் ரிப்பேர், பயிற்றுநர் இல்லை என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
(ஒரு வாசகர், கோவை)

பதில்: போகலாம், ஆனால் நேரான பாதை இல்லை. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு, தொழிற்கல்வி உட்படக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் சென்டர்கள் வரும் என்று தீர்ப்பளித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபிளையிங் ஸ்கூல் தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான். மாவட்ட ஆணையத்தில் 50 லட்சம் வரை கட்டிய தொகைக்கு வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்த மீறல் என்று சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியும் இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த வக்கீல்தான் சொல்ல முடியும்.

அதற்கு முன் இதைச் செய்யுங்கள். மகனின் பதிவுப் புத்தகத்தில் 42 மணிக்கும் பொறுப்பாளரின் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுங்கள். பறந்த அந்த மணிகள் அவனுடைய சொத்து. வேறு ஸ்கூலுக்கு மாறினாலும் கூடவே வரும். ஆனால் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததுதான் கணக்கு, ஆகவே இழுத்துக்கொண்டே போகவும் முடியாது. அப்புறம், எந்த மாதம் எத்தனை மணி பறக்கவைப்பீர்கள் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். அதன் நகலோடு டிஜிசிஏவின் பயிற்சிப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். மீதித் தவணையைப் பதில் வரும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தால் செலவு ஒன்றும் இல்லை. சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருவதுண்டு.

கேள்வி: ஏர்லைன்களே நடத்தும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் வேலை உறுதிதானே?
(ஒரு மாணவர், சென்னை)

பதில்: கேடட் திட்டம் என்றால், ஏர்லைனே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவது. வேலை உறுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, உறுதி இல்லை. கையில் தருவது நிபந்தனையோடு கூடிய கடிதம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் தேற வேண்டும், காலியிடமும் இருக்க வேண்டும். டைப் ரேட்டிங்கோடு சேர்த்து மொத்தச் செலவு ஒரு கோடியை ஒட்டியோ தாண்டியோ போகும். தனியாகப் போகிறவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கிறது, அதற்குத்தான் அந்தக் கூடுதல் பணம். ஜெட் ஏர்வேஸ் 2019இலும் கோ ஃபர்ஸ்ட் 2023இலும் நின்றுபோனதை மறக்காமல், ஏர்லைன் ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். லைசென்ஸ் வாங்கிச் சும்மா இருக்கும் காலத்திலும் மருத்துவச் சான்றையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வங்கிக் கடன் வாங்கும்போது அந்தச் செலவுக்கும் சேர்த்தே கேளுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள் என்பதால் வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.