தேங்காய் எண்ணெயும் எம்சிடிதானே, விஎல்சிஏடி பிள்ளைக்கு அதையே கொடுத்தால் என்ன?

கேள்வி: நாலு வயது மகனுக்கு விஎல்சிஏடி குறைபாடு (நீண்ட சங்கிலிக் கொழுப்பை எரித்துச் சக்தியாக்க உடம்பு சிரமப்படும் பிறவி நோய்). கொழுப்பைக் குறைத்து, எம்சிடி எண்ணெயும் வோல்நட் எண்ணெயும் எழுதித் தந்திருக்கிறார்கள். களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு இரண்டுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் போதாதா?

போதாது, கொடுக்கவும் கூடாது. எம்சிடி எண்ணெய் என்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது 8, 10 கார்பன் கொழுப்பமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை ஏறக்குறைய 15 சதவீதம்தான். பாதியளவு 12 கார்பன் லோரிக் அமிலம், மிச்சத்தில் பெரும்பகுதி உங்கள் பிள்ளையின் உடம்பு எரிக்கச் சிரமப்படும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு. பிட்டுக்குப் போடும் தேங்காய்ப்பூவும் இதே கணக்குத்தான்: 10 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு. சொதியையும் பால்கறியையும் சேர்த்தால் ஒரு நாள் அளவு காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

வோல்நட் எண்ணெய் வேறு வேலைக்கு. உடம்பால் செய்ய முடியாத, சாப்பாட்டில்தான் வர வேண்டிய அத்தியாவசியக் கொழுப்பமிலங்கள் இரண்டு: லினோலெயிக், ஆல்பா லினோலெனிக். எம்சிடியில் அவை அறவே இல்லை, தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் 2 சதவீதம் அளவுதான். தோல் வறண்டு செதிலாவது, முடி கொட்டுவது, புண் ஆறச் சுணங்குவது எல்லாம் இந்தக் குறைவின் அடையாளம். சாப்பிடும் ஒவ்வொரு 1000 கிலோகலோரிக்கும் லினோலெயிக் 3.3 கிராம், ஆல்பா லினோலெனிக் 0.5 கிராம் அளவில் வேண்டும். வோல்நட் எண்ணெய் 6 முதல் 7 மில்லிலீற்றர் இரண்டையும் தந்துவிடும். கிடைக்காத நாட்களில் சோயா எண்ணெய் அதே அளவில் ஓரளவு ஈடு செய்யும். நல்லெண்ணெயிலும் சூரியகாந்தியிலும் ஆல்பா லினோலெனிக் இல்லாத மாதிரித்தான். எதைக் கொடுத்தாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்புக்குத் தந்த அளவுக்குள் எண்ண வேண்டும், மாற்றுமுன் கிளினிக்கில் கேளுங்கள்.

டிஎச்ஏயும் (மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலம்) சொல்லியிருந்தால்: 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு வழக்கமாக நாளுக்கு 60 மில்லிகிராம். சாதாரண 1000 மில்லிகிராம் மீனெண்ணெய்க் குளிசையில் 120 இருக்கும், ஆனாலும் லேபலைப் பாருங்கள். ஊசியால் குத்தி ஒருமுறை துளிகளை எண்ணிக்கொண்டு பாதியைக் கொடுக்கலாம். மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், விற்றமின் ஏ கூடிப்போகும்.

எண்ணெயைப் பால்போத்தலில் ஊற்றினால் ஒரு பங்கு சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சில் அளந்து, ஆறிய கஞ்சியில் நாலு கரண்டியோடு குழைத்து அதை முதலில் ஊட்டுங்கள். வோல்நட் எண்ணெயைச் சூடாக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மட்டக்களப்பு வெயிலில் வெளியே வைத்தால் கெதியாய்க் காறிப்போகும், பெயின்ற் மணம் வந்தால் வெளியே கொட்டிவிடுங்கள். எம்சிடியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள், ஒரே நேரத்தில் கூடக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும். பொரிக்கவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எம்சிஏடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை எரிக்கச் சிரமப்படும் குறைபாடு) என்றால் உங்கள் எம்சிடி போத்தலைக் கடன் கொடுக்காதீர்கள். பெயர் ஒன்றுபோல் கேட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அது ஆபத்து.

காய்ச்சலில் சாப்பிட மறுத்தால் எண்ணெய்க் கணக்கை விட்டுவிட்டு அவசரக் குளுக்கோஸ் பானத்தைக் கொடுங்கள். அதையும் வாந்தியெடுத்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் கிளினிக் கடிதத்தோடு வைத்தியசாலைக்குப் போங்கள், டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏற்ற வேண்டிவரும்.