நூர்ஜஹான் தனியாகவா ஆட்சி நடத்தினார்?

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காலத்து அரசியலை நூர்ஜஹான் ஒருவரே நடத்தினாரா என்றால், தனியாளாக அன்று, ஒரு குடும்பத்தின் முகமாகவே நடத்தினார் என்பதே பொருத்தமான பதில். 1611-இல் அவர் பேரரசரை மணந்தபின் தந்தை இதிமாத் உத் தௌலாவும் அண்ணன் ஆசப் கானும் விரைவாக உயர்ந்தனர். மன்சப் என்ற படிநிலைப் பதவியும் ஜாகீர் என்ற நில வருவாய் உரிமையும் அரசரின் தயவைச் சார்ந்திருந்ததால், அவரை அணுகும் வழி யார் கையில் இருந்ததோ அவர்களைச் சுற்றியே பிரபுக்கள் திரண்டனர்.

ஆனால் ஆசப் கானின் மகள் பின்னாளில் ஷாஜஹான் எனப்பட்ட இளவரசர் குர்ரமையும், நூர்ஜஹானின் முதல் மணத்தில் பிறந்த மகள் குர்ரமின் தம்பி ஷஹ்ரியாரையும் மணந்திருந்ததால், வாரிசுப் போட்டி அண்ணன் தங்கைக்கு இடையிலேயே புகுந்தது. இந்தப் போட்டிக்கிடையே நூர்ஜஹான் தரப்பினர் தளபதி மகபத் கானிடம் வங்காளத்தில் பிடித்த யானைகளுக்குக் கணக்குக் கேட்டார்கள். அரசரின் அனுமதியின்றி மகபத் கானின் மகளை மணந்த அவரது மருமகனையும் அவமானப்படுத்தினார்கள். கணக்கைவிட இந்த அவமானமே அவரை உறுத்தியிருக்கும் என்பது என் கருத்து. 1626-இல் அவர் ஜீலம் ஆற்றங்கரையில் பேரரசரையே சிறைப்பிடித்தார். மறு ஆண்டு ஜஹாங்கீர் இறந்ததும், ஆசப் கான் ஜஹாங்கீரின் பேரன் தாவர் பக்ஷை ஒப்புக்கு அரியணை ஏற்றி, ஷஹ்ரியாரை வீழ்த்தி, தன் மருமகன் ஷாஜஹானுக்கு வழிவிட்டார்.