மாளிகை போய்விட்டது, வேலிக்கு மதிப்பு உண்டா?

உண்டு. எஸ்டேட் மாளிகை இடிந்துபோய், ஓரத்தில் நிற்கும் இரும்பு வேலிக்குத் தனியாகப் பாரம்பரிய மதிப்பு இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். மாளிகை இல்லாததால்தான் இந்த வேலி முக்கியமாகிறது. அந்த நிலம் எதுவரை இருந்தது என்பதை மண்ணிலேயே காட்ட மிச்சமிருப்பது இதுதானே. கழற்றி வேறு இடத்தில் நட்டால் பாதி மதிப்பு போய்விடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் வேலியைப் பார்த்த மதிப்பீட்டாளர் அதைச் 'சாதாரண வேலி' என்று எழுதியது, பிற்காலத்தில் மாற்றிய பகுதியை மட்டும் பார்த்ததால் இருக்கலாம்.

முழு நீளமும் நடந்து இணைப்புகளைப் பாருங்கள். குறுக்குக் கம்பி தூணின் துளை வழியே போய் ரிவெட்டால் இறுகியிருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மின் வெல்டிங் தழும்பு இருந்தால் அந்த இணைப்பு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பழுதுபார்ப்பு. துருப்பிடித்து முறிந்த இடம் மரத்தைப் போல நார்நாராகப் பிரிந்திருக்கிறதா? அப்படியானால் அது தேனிரும்பு (wrought iron) என்ற பழைய வகை இரும்பு, இன்று அநேகமாக யாரும் புதிதாகச் செய்வதில்லை. அப்புறம் பழைய நில வரைபடத்தோடு வேலிக் கோட்டை ஒப்பிட்டு, தூண் தூணாகப் படம் எடுத்து வையுங்கள்.

துருவைச் சுரண்ட வேண்டாம். பழைய பெயின்டில் நச்சான ஈயம் இருக்கலாம், அந்தப் பெயின்ட் அடுக்குகளும் வேலியின் வயதுக்குச் சான்றுதான்.

ஒன்று, பாரம்பரிய மதிப்பு வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு. பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேரும்வரை வேலியை அகற்றுவதைத் தடுக்க முடியாமல் போகலாம். பட்டியலில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.